இரவு நடைக்கு முன் அணி பேசி முடிக்க வேண்டியவை

அதிகாலை நான்கு மணி இருக்கும். நன்கொடை திரட்டுவதற்கான நெடுந்தூர நடை ஒன்றின் நாற்பதாவது கிலோமீட்டரில் அமைக்கப்பட்டிருந்த இடைநிலையத்தில் நான் இயன்முறை மருத்துவராகப் பணியில் இருந்தேன். நால்வர் அணி ஒன்று வந்து சேர்ந்தது. அவர்களில் ஒரு பெண் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஷூவைக் கழற்றாமல் இருந்தார். நானே குனிந்து கயிற்றைத் தளர்த்திக் காலுறையை உருட்டியபோது, குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரம் சுருண்டு கயிறு போலாகி, அதன் கீழே இருந்த தோலை ஓர் அங்குல அகலத்துக்கு உரித்திருந்தது. எப்போது எரியத் தொடங்கியது என்று கேட்டேன். "பன்னிரண்டாவது கிலோமீட்டரில்" என்றார். அதாவது இருபத்தெட்டு கிலோமீட்டர் தூரத்தை அந்தக் காலோடு நடந்திருக்கிறார். பக்கத்தில் நடந்த மூவருக்கும் அது தெரியாது. ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் இன்றும் என் நினைவில் இருக்கிறது: "இவ்வளவு பேர் நம்பிப் பணம் கொடுத்திருக்கிறார்கள், என் ஒருத்தியால் எல்லாரும் நிற்க வேண்டுமா?"

நிதி திரட்டுவதற்காக நடப்பவர்களிடம் இந்தப் பதிலை நான் மீண்டும் மீண்டும் கேட்டிருக்கிறேன். தனக்காக ஓடுபவர் வலித்தால் நின்றுவிடுவார். பிறருக்காக நடப்பவர் வலியை மறைப்பார். அதனால்தான், என்னிடம் ஆலோசனைக்கு வரும் அணிகளிடம் பயிற்சி அட்டவணையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, யார் எதை எப்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யச் சொல்கிறேன்.

இவ்வகை நடைகளில் மிகவும் அறியப்பட்ட ஒன்றான 'டிரெயில்வாக்கர்', 1981இல் ஹாங்காங்கில் கூர்க்கா படைவீரர்களின் பயிற்சியாகத் தொடங்கியது. மேக்லஹோஸ் மலைப்பாதையின் 100 கிலோமீட்டரை நால்வர் கொண்ட அணி 48 மணி நேரத்துக்குள் ஒன்றாகக் கடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1986இல் பொதுமக்களும் அதில் சேர்ந்தார்கள். ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாக முடிக்க வேண்டும் என்ற அந்த விதியை இன்று எத்தனையோ அலுவலக அணிகளும் நண்பர் குழுக்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் படைவீரர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பழகியவர்கள். ஒருவர் தளர்ந்தால் அவருடைய நடையைப் பார்த்தே மற்றவர்கள் கண்டுகொள்வார்கள். மூன்று மாதத்துக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது. பேசித்தான் அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

எனவே முதல் சந்திப்பில், ஒவ்வொருவரும் தமக்கு முன்பு ஏற்பட்ட காயம், எடுத்துக்கொள்ளும் மருந்து, சர்க்கரை நோய், ஆஸ்துமா போன்றவற்றை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். களைத்தால் தாம் எப்படி மாறுவோம் என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் எரிந்து விழுவார்கள், சிலர் முற்றிலும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அந்த மௌனத்தை மற்றவர்கள் மன உறுதி என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்ததாக, பாதத்தில் சூடு தெரிகிறது என்று யார் சொன்னாலும், விவாதமின்றி அந்த இடத்திலேயே எல்லாரும் நின்று ஷூவைக் கழற்றிப் பார்ப்பது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. ஒருவர் விலகியே ஆக வேண்டிய நிலை வந்தால் அதை யார் அறிவிப்பது என்பதையும் பகல் வெளிச்சத்தில், ஓய்வான மனநிலையில் தீர்மானித்துவிடுங்கள்; விடியற்காலை மூன்று மணிக்கு எடுக்கும் முடிவு சரியாக இருப்பதில்லை. கொடுத்த நன்கொடையை உங்கள் குதிகால் உரிந்ததற்காக யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்பதையும் அன்றே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

கொப்புளம் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்தவர்கள் அதைத் தடுக்கவும் அறிவார்கள். வெறும் உரசல் மட்டும் காரணம் அல்ல. வியர்வையில் ஈரமான தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடியிலும் முன்னும் பின்னும் நகர்கிறது. இடைப்பட்ட தோல் அடுக்குகள் இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. 50 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 65,000 அடிகள் என்று வைத்துக்கொண்டால், இந்த இழுவிசை எத்தனை முறை நிகழும் என்பது விளங்கும். எனவே ஈரமான காலுறையை மாற்றுவது ஆடம்பரம் அல்ல, அதுதான் சிகிச்சை. நெடுநேரம் நடக்கும்போது பாதம் வீங்கும் என்பதால் விரல்களுக்கு முன்னால் சற்று இடமுள்ள ஷூ வேண்டும். அதைக் குறைந்தது இரண்டு நீண்ட பயிற்சிகளிலாவது அணிந்து பழகியிருக்க வேண்டும். நகங்களை நடைக்கு முந்தைய நாள் வெட்டாமல் மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே வெட்டுங்கள். டேப் ஒட்டுவதானால் உலர்ந்த தோலில், சுருக்கமின்றி, மூலைகளை வட்டமாகக் கத்தரித்து ஒட்டுங்கள். கூரான மூலைதான் முதலில் சுருளும். நான் மேலே சொன்ன அந்தப் பெண்ணின் பிளாஸ்திரி அவசரத்தில், வியர்த்த காலில், அவர் யாருக்கும் தெரியாமல் ஒட்டிக்கொண்டது.

உடற்பயிற்சிக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரங்கள் ஒதுக்குங்கள். தசைகள் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் மெதுவாகத்தான் வலுப்பெறும், ஆகவே மூச்சு வாங்காமல் நடக்க முடிகிறது என்பதற்காகத் தூரத்தைச் சட்டென்று கூட்டிவிடக் கூடாது. பலரும் ஏறுவதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள், இறங்குவதற்கு எடுப்பதில்லை. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் கடும் வலிக்கு அதுவே காரணம். ஆனால் ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த வலியோடு செய்யும். நடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சரிவிலோ நீண்ட படிக்கட்டிலோ அணியாக இறங்கிப் பழகுங்கள். வேகத்தை எப்போதும் மெதுவாக நடப்பவரே நிர்ணயிக்க வேண்டும். அவரை முன்னால் நடக்கவிடுவதே அதற்கு எளிய வழி.

இரவு தனிப் பாடம். உடலின் வெப்பநிலை அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில் மிகவும் தாழ்கிறது. தூக்கம் அழுத்துவதும், கால் இடறுவதும், "போதும்" என்ற எண்ணம் வருவதும் அந்த நேரத்தில்தான். இதை முன்பே அனுபவித்தவர், அது சூரியன் எழுந்ததும் விலகும் என்று அறிந்திருப்பார். ஆகவே குறைந்தது ஒரு பயிற்சியையாவது நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை நடத்துங்கள். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். பேசும்போது ஹெட்லேம்ப்பை எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேராகத் திருப்பினால் அந்தப் பழக்கம் நொடியில் போய்விடும். நெற்றியில் மாட்டிய விளக்கில் கல்லின் நிழல் தெரிவதில்லை என்பதால், கரடுமுரடான பாதையில் அதைக் கழற்றி இடுப்பளவில் பிடித்துப் பாருங்கள், தரையின் மேடு பள்ளம் உடனே புலப்படும். இடைநிலையத்தில் நின்றதும், குளிரத் தொடங்குவதற்கு முன்பே மேலாடையை அணிந்துவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குறைவாகக் குடிப்பதைப் போலவே அளவு மீறிக் குடிப்பதும் ஆபத்து. மெதுவாக, பல மணி நேரம் நடப்பவர்கள் தாகமின்றியே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தாகத்துக்கேற்பக் குடியுங்கள். விரலில் மோதிரம் இறுகுதல், தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவை சேர்ந்து தெரிந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் குழுவை அழையுங்கள். நடக்கும்போது ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை விழுங்குவதை நான் கண்டிப்பாகத் தடுக்கிறேன். களைத்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், நிற்கச் சொல்லும் வலியையும் மறைத்துவிடும்.

அணிகள் பெரும்பாலும் மறப்பது, முடித்தபின் வீடு திரும்புவதை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருடையதைப் போல் குறைகிறது என்று 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இரவு முழுதும் நடந்தவர் அதைவிட அதிக நேரம் விழித்திருப்பார். முடித்த மகிழ்ச்சியில் தனக்குத் தூக்கம் வரவில்லை என்று அவர் உறுதியாகச் சொல்வார், இருபது நிமிடம் கழித்து வண்டியின் வெதுவெதுப்பில் கண் சொக்கும். எனவே முடிவுக் கோட்டில் காத்திருக்கும் ஓட்டுநர், அந்த இரவு தம் வீட்டில் நன்றாகத் தூங்கிய ஒருவராக இருக்க வேண்டும். அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் நடக்கும் நால்வரும் புறப்படும் முன்பே தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்க வேண்டும்.