பென்குயின் எச்சமும் கேத்தி கேரட்டும்

நீலகிரி மலையில், கேத்தியில் கேரட் போடும் நண்பர் கேட்டார்: "அண்டார்க்டிகாவுல மண்ணே அதிகம் கிடையாதுன்னு சொல்றீங்க, அப்புறம் அங்க வளர்ற பாசிக்கு யாருங்க எரு வைக்கிறது?"

பறவைகள்தான். பென்குயின் கடலில் கிரிலைத் தின்னும் (இறால் மாதிரி ஒன்று), கரையில் கூட்டமாகக் கூடு கட்டி எச்சம் போடும். கடலின் நைட்ரஜனும் பாஸ்பரசும் இப்படிக் கரையேறும். இதெல்லாம் பள்ளிப் பாடம். எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம்.

பறவை எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். தண்ணீரில் லேசில் கரையாது. பாக்டீரியா அதைச் சிதைத்தால் அம்மோனியா கிளம்பும், கீழ்நாட்டிலிருந்து கோழி எரு லாரி மலையேறும்போது மூக்கைத் துளைக்குமே, அதே வாடை. நண்பருக்கு அது நஷ்டக் கணக்கு, காசு கொடுத்து வாங்கிய நைட்ரஜன் காற்றோடு போகிறது. அங்கேயோ அப்படிப் போவதால்தான் பிழைப்பே நடக்கிறது: காற்று அந்த அம்மோனியாவை அள்ளிப்போய், எந்தப் பறவையும் கால் வைக்காத பாறையிலும் ஈரப் பாசியிலும் படியவிட, பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் அதை உறிஞ்சி வளர்கின்றன. 2019-இல் அண்டார்க்டிக் தீபகற்பப் பகுதியைப் பற்றி வந்த ஆய்வு ஒன்றில், இந்தத் தாக்கம் கூட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரிந்தது. அங்கே மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் கூடுதல்.

எச்சத்தை அளக்கவா மைத்ரி, பாரதி என்று அங்கே நம் நாட்டுக்கு இரண்டு ஆய்வு நிலையம் என்று கிண்டலடிப்பவர்கள் உண்டு. காக்கை எச்சம் தலையில் விழுந்தால் பரிகாரத்துக்கு யோசிக்காமல் செலவழிக்கிறோம், இதற்கும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், எரு மலைபோல் குவிந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவில் செடி கொடி ஒன்றும் முளைக்காது. உப்பும் அம்மோனியாவும் அளவுக்கு மிஞ்சிப் போச்சு, போதாததற்கு ஆயிரக்கணக்கான கால்களின் மிதி வேறு. மட்காத கோழி எருவைப் போட்டுக் கேரட்டைக் கருகவிட்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாஸ்பரஸ் வேறு ரகம், அதற்குப் பறக்கத் தெரியாது. பென்குயின்கள் காலி செய்து பல நூறு ஆண்டு ஆன இடத்திலும் மண்ணில் அப்படியே கிடக்கும்; பழைய குடியிருப்புகளைத் தேடும் ஆய்வாளர்களுக்கு அதுதான் துப்பு. மிதியும் நின்று காரமும் அடங்கிய அந்த இடங்களில் பாசி மெல்லக் குடியேறுகிறது.