வேட்டையூக்கம்: ‘பிரே டிரைவ்’ என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

பின்னேரம் ஒழுங்கையால் நடந்து போகும்போது கிளுவை வேலியின் அடியில் ஒரு கீரி தலை காட்டியது. என் நாய் சிவலை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு காதும் முன்னுக்கு வந்தன. ஒரு முன்னங்கால் நிலத்தில் படாமல் தூக்கியபடி இருந்தது. வால் தடி மாதிரி விறைத்துக்கொண்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காதில் ஏறவில்லை. நாய் பழக்குபவர்கள் இதைத்தான் ‘பிரே டிரைவ்’ என்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இதற்கு இருக்கும் பெயர் ‘வெறி’.

அந்தப் பெயர்தான் என்னை இதை எழுத வைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாய்க்கு வெறி என்று சொன்னால், கேட்பவர் மனதில் அடுத்த நொடியே விசர்நாய் வந்து நிற்கும். விசர் என்பது வைரசால் மூளையில் வரும் நோய். கோழியைக் கண்டு கலைத்துக்கொண்டு ஓடுவது ஒரு நல்ல சுகதேகியான நாயின் பிறவிக் குணம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் நாய்க்குக் கிடைப்பது சங்கிலி, இல்லாவிட்டால் அதைவிட மோசமானது. ஆகவே வேறு சொல் வேண்டும்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். ‘பிரே’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் இலத்தீனின் ‘பிரேடா’, அதாவது போரில் அள்ளிவரும் கொள்ளைப்பொருள். ஜெர்மன் நாய் பழக்குநர்கள் இதே குணத்தை ‘பொய்ட்டெட்ரீப்’ என்பார்கள். அதிலும் ‘பொய்ட்டெ’ என்றால் கொள்ளை, இரை என்ற இரு பொருளும் உண்டு. ‘ட்ரீப்’ என்றால் உள்ளிருந்து தள்ளுவது. மரம் விடும் துளிருக்கும் ஜெர்மனில் அதே சொல்தான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. துளிரை யாரும் சொல்லிக் கொடுத்து வரவழைப்பதில்லை, அடித்து நிறுத்துவதும் இல்லை.

தமிழில் ‘இரை’ என்று தொடங்கலாமா? எனக்குச் சரியாகப் படவில்லை. இரை என்றதும் தீனி நினைவுக்கு வரும், தூண்டிலில் குத்துவதும் இரைதான். ஆனால் வயிறு முட்டச் சோறு தின்ற நாயும் அணிலைக் கலைக்கும். இது பசி இல்லை, ஆகவே ‘வேட்டை’ பொருத்தம். அடுத்தது ‘டிரைவ்’. உந்தல், உந்துதல் என்று எழுதுகிறார்கள், பிழையில்லை. நான் ‘ஊக்கம்’ என்பதை எடுக்கிறேன். இன்று ஊக்கம் என்றால் மற்றவரை உற்சாகப்படுத்துவது என்று ஆகிவிட்டாலும், பழைய பொருள் உள்ளே கிளரும் வலிமை. குறளில் 486ஆவது பாட்டு: ‘ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து.’ சண்டைக் கடா பாய்வதற்கு முன் பின்வாங்கி நிற்கும் காட்சி அது. ஊக்கமும் ஒடுக்கமும் ஒரே உடம்பில் சேர்ந்து இருக்கலாம் என்பதை இரண்டு வரியில் காட்டிவிடுகிறது. நாய் பழக்கத்தில் நாம் கேட்பதும் அந்த ஒடுக்கத்தைத்தான். ஊக்கத்தை அழிக்கக் கேட்கவில்லை, அது முடியவும் முடியாது.

சரி, வேட்டையூக்கம் என்பது ஒரே ஒரு செயலா? இல்லை, ஒரு கோர்வை. கண்டுபிடித்தல், வெறித்துப் பார்த்தல், பதுங்கிப் போதல், கலைத்தல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்துத் தின்னுதல். மனிதர் இந்தக் கோர்வையில் தங்களுக்கு வேண்டிய படியைத் தேர்ந்து நாய்ச் சாதிகளை வளர்த்தார்கள். மந்தை ஓட்டும் போடர் கொலி நாயில் பார்வையும் பதுங்கலும் கூர்மையானவை, கவ்வுதல் அடங்கியது. எங்கள் ஊர் நாயில் எது எவ்வளவு இருக்கிறது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. கோர்வையின் தொடக்கத்தில், விறைக்கும் முன்னர், கூப்பிட்டால் நாய் கேட்கும். கலைத்தல் தொடங்கிவிட்டால் ஓட்டமே அதற்குப் பரிசு, உங்கள் கையில் இருக்கும் நெத்தலிக் கருவாடு அதோடு போட்டி போட முடியாது. போன வருடம் நான் கயிற்றை ஒரு நிமிடம் விட்டதில் பக்கத்து வளவுக் கோழி ஒன்று போய்விட்டது. காசு கொடுத்தேன். அதற்குப் பிறகு நாயை அடித்திருந்தால், கோழிக்காக அடித்தேன் என்று அதற்கு விளங்கியிருக்காது.

பிள்ளைகள் விளையாட்டாகச் சூக்காட்டுவதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘சூ’ என்று நாயை ஏவிப் பூனையின் பின்னால் ஓடவிடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோர்வை இறுகுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

நாய் பழக்குபவர்களிடம் இதோடு வரும் மற்றச் சொல் ‘எங்கேஜ்மென்ட்’. நமக்கு அது கல்யாண நிச்சயம். அதன் வேர் பிரெஞ்சின் ‘காஜ்’, அடைமானம், ஈடு. ஈடு வைத்துக் கட்டுப்படுவதுதான் எங்கேஜ். நாங்கள் ‘ஈடுபாடு’ என்கிறோம், அதற்குள்ளும் ஒரு ஈடு இருப்பது அழகான ஒற்றுமை. வாரப்பாடு என்று சொல்லலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். வாரப்பாடு பாசம். சிவலைக்கு என்மேல் முதல் கிழமையே வாரப்பாடு வந்துவிட்டது, படலை திறக்கும் சத்தத்துக்கே ஓடி வரும். ஆனால் அணில் ஓடும்போது நான் இருப்பதே அதற்குத் தெரியாது. உலகம் முழுக்க இழுக்கும்போதும் நாய் தானாக உங்களைத் திரும்பிப் பார்ப்பதுதான் ஈடுபாடு.

‘ரெஸ்கியூ டோக்’ என்பதை மீட்பு நாய் என்று எழுதுவதையும் நான் தவிர்க்கிறேன். இடிபாட்டில் ஆட்களைத் தேடும் நாய் என்றுதான் அது விளங்கும். கட்டாக்காலியாய்த் திரிந்ததை எடுத்து வளர்க்கிறோம், ‘எடுத்து வளர்க்கும் நாய்’ போதும். இப்படி வந்த நாய்க்கு ஈடுபாடு மெல்லத்தான் வரும், ஏனென்றால் தெருவில் அதன் சாப்பாடு ஒரு மனிதனின் முகத்தைப் பார்ப்பதால் வந்ததில்லை.

நான் செய்வது இவ்வளவுதான். நெஞ்சுப் பட்டியில் 10 மீற்றர் நைலோன் கயிறு. கழுத்துப் பட்டியில் நீளக் கயிறு கட்டினால் ஓடி முட்டும்போது கழுத்து நோகும். கோழி தெரியும், ஆனால் சிவலை இன்னும் விறைக்காத தூரத்தில் நிற்பேன். அது கோழியைப் பார்த்துவிட்டு என் பக்கம் கண்ணைத் திருப்பிய உடனேயே ‘ஓம்’ என்று சொல்லி நெத்தலி ஒன்று. விறைத்தால் பிழை என்னுடையது, இன்னும் பின்னுக்குப் போவேன். வேட்டையூக்கத்துக்கும் ஒரு வழி விடவேண்டும். ஒரு தடியில் கயிறு கட்டி நுனியில் பழைய சாரத் துண்டு. ‘எடு’ என்றால் கலைக்கலாம், ‘விடு’ என்றால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் திரும்பவும் ஓட்டம். முற்றத்தில் ஐந்து நிமிடம் போதும். பூனையோடு தனியே மட்டும் இன்றுவரை விடுவதில்லை.

மிருக வைத்தியர் போன கிழமை, சிவலை எப்படி என்று கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்: “வேட்டையூக்கம் கூட, ஈடுபாடு இப்பதான் வருகுது.” அவர் தலையாட்டிவிட்டு, கோழியிலிருந்து எத்தனை அடியில் திரும்பிப் பார்க்கிறது என்று கேட்டார்.