நடக்க எந்தத் தீவு நல்லது? முழங்காலைக் கேளுங்கள்

போன ஆண்டு ஜூலையில் ஓர் அக்கா என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். எங்கள் வாசலில் இரண்டே இரண்டு படி. திரும்பிப் போகும்போது அந்த இரண்டையும் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினார். வயது 54. வாரத்தில் மூன்று நாள் சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதையில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் சர்வசாதாரணமாக நடப்பவர். ஜூன் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போய், சமாரியா பள்ளத்தாக்கை ஒரே நாளில் நடந்து முடித்திருக்கிறார்.

"ஏற்றமே இல்லை தம்பி, முழுக்க இறக்கம். இறங்குவதில் என்ன கஷ்டம் என்று நினைத்துவிட்டேன்" என்றார். மறுநாள் ஹோட்டல் படியில் பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கினாராம். தொடை வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. முழங்காலின் முன்பக்க வலி மட்டும் மூன்று வாரமாகியும் விடவில்லை.

பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் ஜூலையிலும் ஜனவரியிலும் இப்படிப்பட்ட முழங்கால்களை நிறையப் பார்க்கிறேன். பள்ளி விடுமுறை முடிந்த கையோடு வந்துவிடுவார்கள். யாருமே நடக்கத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் நடந்து பழகிய ஊர் தட்டையானது. நம்முடைய புக்கிட் தீமா உச்சியே சுமார் 163 மீட்டர்தான். சமாரியா நடை ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 16 கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் முடிகிறது. ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 மாடிக்கு மேல் ஒரே நாளில் படியிறங்குவதற்குச் சமம். அதுவும் பாதி வழி கூழாங்கல்.

ஏறும்போது மூச்சு வாங்கும், உடனே நின்றுவிடுவோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் நிற்கவும் தோன்றாது. அங்கேதான் வினையே. படியில் கால் வைக்கும்போது முன்தொடைத் தசை சுருங்க முயல்கிறது. உடல் எடையோ அதை நீட்டி இழுக்கிறது. இழுபட்டுக்கொண்டே வேலை செய்யும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். தசை களைத்துவிட்டால் அதிர்ச்சியைத் தாங்க ஆளில்லாமல், பாரம் முழங்கால் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. பயணத் திட்டத்தில் முதல் நாளே பெரிய இறக்கத்தை வைத்தால், மிச்ச நாளெல்லாம் மற்றவர்கள் நடப்பதை காப்பிக் கடையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அதனால் எந்தத் தீவுக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். ஒரு நாளில் மொத்தம் எத்தனை மீட்டர் இறங்க வேண்டும்? நடுவில் முடியாமல் போனால் எப்படி வெளியே வருவீர்கள்? எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது கேள்வியை யாருமே யோசிப்பதில்லை. சமாரியாவில் பாதி தூரம் போன பிறகு சாலை கிடையாது. அடிபட்டவர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். கீழே அகியா ரூமெலி கிராமத்திலிருந்தும் படகில்தான் கிளம்ப வேண்டும். தென்கொரியாவின் ஜேஜு தீவு இதற்கு நேரெதிர். அங்கே 2007இல் தொடங்கிய ஒல்லே பாதைகள் தீவைச் சுற்றி சுமார் 437 கிலோமீட்டர் நீள்கின்றன. பெரும்பாலும் கடலோரம், வயல் ஓரம், ஊருக்குள். நீலமும் ஆரஞ்சும் கலந்த நாடாக்களை மரத்திலும் கம்பத்திலும் கட்டி வழி காட்டியிருப்பார்கள். முடியவில்லையா, சாலைக்கு நடந்து பஸ் ஏறிவிடலாம். முதல் முறை போகும் ஐம்பது வயதுக்காரருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஜேஜுதான். அங்கே போய்விட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஹல்லாசானையும் ஏறிவிடலாமே" என்று கிளம்பாமல் இருக்க வேண்டும். அது 1,947 மீட்டர் மலை, கதையே வேறு.

ஹாங்காங்கின் லந்தாவ் நடுத்தரம். லந்தாவ் பாதை 70 கிலோமீட்டர், 12 பகுதிகள். இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் 869 மீட்டர், 934 மீட்டர் சிகரங்களைத் தாண்டுகின்றன. கல் படிகள், செங்குத்து இறக்கம். நல்லவேளையாக இரண்டுக்கும் நடுவில் பஸ் போகும் சாலை குறுக்கிடுகிறது. ஒன்றை மட்டும் முடித்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டு, தை ஓ மீனவர் கிராமத்துக்குப் போவதில் எந்த வெட்கமும் இல்லை.

நம்மவர்கள் அதிகம் போகும் இலங்கையில் சிவனொளிபாதமலை இருக்கிறது. உயரம் 2,243 மீட்டர். நல்லதண்ணிப் பக்கம் 5,000 படிகளுக்கு மேல். தூக்கம் கெட்டு இரவெல்லாம் ஏறி, உச்சியில் குளிரில் உட்கார்ந்து சூரியோதயம் பார்த்துவிட்டு, விறைத்துப்போன காலோடு அத்தனை படியும் இறங்குகிறார்கள். பக்தி மேலே ஏற்றிவிடும், சரி. கீழே இறங்கத் தொடைதான் வேண்டும்.

மதேய்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் போர்ச்சுகீசியத் தீவில் லெவாடா என்னும் வாய்க்கால்களை ஒட்டி நடக்கலாம். தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் பாதையும் கிட்டத்தட்ட சமதளம். முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பக்கம் பாதாளம், சில இடங்களில் டார்ச் இல்லாமல் போக முடியாத சுரங்கம். தலைச்சுற்றல் உள்ளவர்களும் உயரத்தைக் கண்டால் பயப்படுபவர்களும் யோசிக்க வேண்டும்.

அடுத்து, நம் விடுமுறைத் தேதிகள். அவை வானிலையைக் கேட்டு வைக்கப்பட்டவை அல்ல. ஜூன் மாதம் ஜப்பானின் யாகுஷிமாவில் மழை கொட்டும். ஜேஜுவிலும் மாதத்தின் பின்பாதியில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஈரக் கல்லில் இறங்குவது இரட்டை வேலை. கிரீட்டில் வெயில். நவம்பர், டிசம்பரில் மலேசியாவின் தியோமான் தீவுப் பக்கம் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். அங்கே போக மெர்சிங் துறையிலிருந்து படகு கிடைப்பதே பாடு. லந்தாவுக்கு அப்போதுதான் குளுகுளுவென்று சரியான காலம். சிவனொளிபாதமலைப் பருவமும் டிசம்பர் பௌர்ணமியில்தான் தொடங்குகிறது.

"உபினைச் சுற்றி வந்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நம் புலாவ் உபின் தீவைச் சொல்லிச் சிலர் சான்றிதழ் காட்டுவார்கள். சாங்கி முனையில் பம்போட் என்னும் சிறு படகில் ஏறி உபினுக்குப் போய் நாளெல்லாம் நடப்பது நல்ல பழக்கம்தான். செருப்பு கடிக்குமா, பை தோளை இழுக்குமா என்று தெரிந்துகொள்ளலாம். இறக்கத்தைப் பற்றி உபின் எதுவும் சொல்லாது. அங்கே ஆக உயரமான புவாக்கா குன்றே சுமார் 75 மீட்டர்.

இறக்கத்துக்கு நம்மிடம் இருக்கும் மலை, வீவக புளோக்தான், அதாவது நாம் குடியிருக்கும் அரசு அடுக்குமாடி. லிஃப்டில் பன்னிரண்டாவது மாடிக்குப் போங்கள். படியில் இறங்குங்கள். முதல் நாள் ஒரு தடவை போதும். இரண்டு நாள் தொடை வலிக்கும், வலிக்கட்டும். இப்படி ஒருமுறை பழகிவிட்டால், அடுத்த முறை அதே வேலைக்குத் தசை அவ்வளவு சேதப்படாது. இந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நிற்கும். பயணத்துக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே தொடங்கி, வாரம் இரண்டு முறை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி வாரம் காலுக்கு ஓய்வு. முழங்கால் வீங்கினாலோ, மடங்கிப்போய் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று கைவிட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மரத்துப்போன காலில் கொப்புளம் வந்தால் தெரியாது. நீண்ட நடையில் சர்க்கரை இறங்கவும் கூடும் என்பதால் மருந்தளவு பற்றியும் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

அப்புறம் காலணி. ஒருவர் தன் மலையேற்றக் காலணியைப் பையில் போட்டு எடுத்து வந்து காட்டினார். ஏழு வருடமாக வாசல் அலமாரியில் கிடந்தது. நாலு தடவைதான் போட்டாராம், பார்க்கப் புதுசு. அடிப்பாகத்தை விரலால் அழுத்தினேன், ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து என் மேசையெல்லாம் கறுப்புத் தூள். பாலியூரித்தேன் அடிப்பாகம் நம் ஊர் ஈரப்பதத்தில் போடாமலேயே கெட்டுப்போகும். மலை நடுவில் வாயைப் பிளந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

கிரீட் அக்கா குணமாகிவிட்டார். இந்த நவம்பரில் லந்தாவ் போகிறார், ஊன்றுகோல் இரண்டும் வாங்கிவிட்டார். தினமும் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்கி வருபவரைப் பார்த்து, லிஃப்ட் பழுதா என்று பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்ப் பெண்மணி) மூன்று முறை கேட்டுவிட்டாராம். நான்காவது முறை அவரும் கூடவே இறங்கினாராம்.