பால்கனியில் கம்பி எந்தப் பக்கம்?

கான்கிரீட் போடும் நாள் காலையில் சைட்டுக்குப் போனால் நான் முதலில் போய் நிற்பது பால்கனியில்தான். தூண், பீம் எல்லாம் முந்தைய நாளே பார்த்து முடித்திருப்பேன். பால்கனியை மட்டும் அன்றைக்கு மறுபடியும் பார்த்தாக வேண்டும். நேற்று மாலை சரியாக இருந்த கம்பி இன்று காலையும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுவில் எலக்ட்ரீஷியன் பைப் போட வந்திருப்பார், பிளம்பர் வந்திருப்பார், கான்கிரீட்டைத் தாங்கும் அடிப்பலகையைச் சரிபார்க்க சென்ட்ரிங் ஆட்கள் நடந்திருப்பார்கள். அத்தனை பேர் காலும் பட்டது அந்த மேல் கம்பி மீதுதான்.

ஒருமுறை அப்படிப் போய் நின்றேன். 1.2 மீட்டர் வெளியே நீளும் பால்கனி, 125 மி.மீ. கனம். மேலிருந்து பார்த்தால் கம்பி வலை அழகாக, இடைவெளி பிசகாமல் இருந்தது. காலால் மெல்ல அழுத்தினேன். அப்படியே கீழே போனது. டேப்பை எடுத்து, பலகையிலிருந்து கம்பியின் மேல்புறம் வரை அளந்தேன். 100 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 60 தான் இருந்தது. "நாலு சென்டிமீட்டர்தானே சார், கான்கிரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கிவிட்டுக்கலாம்" என்றார் மேஸ்திரி. நல்ல அனுபவசாலி அவர். கம்பியின் எண்ணிக்கையிலோ தடிமனிலோ ஒன்றுகூடக் குறைக்கவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்தச் சொன்னேன்.

அந்த நாலு சென்டிமீட்டர் ஏன் பெரிய விஷயம்? கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் கிழியும். அமுக்கத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குதான் இழுவைக்குத் தாங்கும். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் கம்பி வைக்கிறோம். இரண்டு பக்கமும் சுவரில் உட்காரும் அறைக் கூரை நடுவில் தொய்யப் பார்க்கும். அதன் அடிப்பக்கம் இழுபடும். கம்பி கீழே போகும். பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு மறுபக்கம் காற்றில் நிற்பது. அதன் நுனி கீழே தொங்கப் பார்க்கும்போது, சுவரை ஒட்டிய இடத்தில் மேல்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலே, சுவரை ஒட்டிய இடத்தில் மிகச் சரியாக மேலே இருக்க வேண்டும்.

கான்கிரீட்டின் வரலாற்றிலேயே இது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. 1867இல் பிரான்சில் ஜோசப் மோனியே கம்பி வலை வைத்த சிமென்ட் பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கை ஜெர்மன் பொறியாளர் மத்தியாஸ் கோனென் 1886இல்தான் வெளியிட்டார். இழுபடும் பக்கம்தான் கம்பிக்கு உரிய இடம் என்பதை அந்தக் கணக்கு நிலைநாட்டியது.

சரி, நம் பால்கனிக்கு வருவோம். ஸ்லாபின் அடியிலிருந்து கம்பியின் மையம் வரை 95 மி.மீ. இருந்திருக்க வேண்டும். மிதிபட்டபின் 55. ஸ்லாபின் தாங்குதிறன் அதன் மொத்தக் கனத்தைப் பொறுத்ததல்ல, இந்த ஆழத்தைப் பொறுத்தது. 95க்குப் பதில் 55 என்றால் 40 சதவீதத்துக்கு மேல் பலம் போய்விட்டது. வளையாமல் நிற்கும் விறைப்போ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். வெளியிலிருந்து பார்க்க அதே பால்கனி, அதே சிமென்ட், அதே கம்பி, அதே செலவு. கான்கிரீட் மூடியபின் யார் கண்ணுக்கும் தெரியாது.

கொக்கி போட்டுத் தூக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தூக்கிய இடத்தில் கம்பி நிற்கும், அடுத்த அடியில் தொய்யும். கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரை வைத்ததும் மறுபடி இறங்கும். அந்த அவசரத்தில் யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? அன்றைக்குக் கழிவுக் கம்பித் துண்டுகளை வளைத்து நாற்காலிக் கம்பி செய்தோம். முக்கால் மீட்டருக்கு ஒன்றாக மேல் கம்பிக்கு அடியில் வைத்துக் கட்டினோம். நடப்பதற்குக் கம்பியைத் தொடாமல் தனிப் பலகை போட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுபடி மிதித்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான் கான்கிரீட்.

இன்னொரு இடமும் பார்க்க வேண்டும்: அந்த மேல் கம்பி அறைக்குள் எவ்வளவு தூரம் போகிறது? வெளியே 1.2 மீட்டர் என்றால் உள்ளேயும் குறைந்தது அவ்வளவாவது போக வேண்டும். நான் ஒன்றரை மடங்கு கேட்பேன். மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க பால்கனியை ஐந்து சென்டிமீட்டர் இறக்கிப் போடும்போது இங்கே சிக்கல் வரும். பால்கனியின் மேல் கம்பி நேராக உள்ளே போனால் அறை ஸ்லாபின் நடு வயிற்றில் போய் நிற்கும். கம்பி எப்படி நுழைந்து எங்கே பிடிக்க வேண்டும் என்று வரைபடத்தில் தனியாக வரைந்திருக்க வேண்டும். வரைந்திராவிட்டால் கேளுங்கள், சைட்டில் மேஸ்திரி தானாக முடிவு செய்யும் விஷயமல்ல இது.

செங்கல் சுவரில் நிற்கும் சன்ஷேடு வேறு மாதிரி ஏமாற்றும். அதைக் கவிழாமல் பிடித்திருப்பது மேலே ஏறும் சுவரின் எடை. ஜன்னலுக்கு மேலே வரும் லின்டல் பீம் மட்டத்தில் சன்ஷேடு போட்டு, மேல் சுவர் ஏறுவதற்கு முன்பே அடியில் தாங்கும் முட்டுக் கம்பங்களை எடுத்துவிட்டு, அதன் நுனியில் ஒருவர் ஏறி நின்றால் கம்பி எவ்வளவு சரியாக இருந்தாலும் மொத்தமாகப் புரண்டுவிடும். முட்டு எடுக்கும் வரிசையும் உண்டு. அறைக் கூரைக்கு நடுவிலிருந்து சுவர்ப் பக்கமாக எடுக்க வேண்டும். பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் நுனியிலிருந்து சுவர்ப் பக்கமாக. மாற்றி எடுத்தால், நுனியில் மிச்சமிருக்கும் முட்டு ஸ்லாபைத் தலைகீழாக வளைக்கும். அந்த வளைவுக்கு அடியில் கம்பியே கிடையாது.

கட்டி முடித்த வீட்டில் எதைப் பார்ப்பது? பால்கனித் தரையில் கதவை ஒட்டி, சுவருக்கு இணையாக ஓடும் விரிசல். டைல்ஸ் போட்டிருந்தால் அந்த வரிசையில் பூச்சு பிளந்திருக்கும். மேல் கம்பி தன் இடத்தில் இல்லை அல்லது சுமை அதிகமாகிவிட்டது என்பதை அந்த விரிசல்தான் முதலில் சொல்லும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்குவது நேராக அந்த முக்கியக் கம்பிக்குத்தான். நான்கு பக்கம் தாங்கும் ஸ்லாபில் ஒரு கம்பி துருப்பிடித்தால் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும், தொய்ந்து காட்டும், நமக்கு நேரம் கொடுக்கும். பால்கனிக்குப் பிடிமானம் ஒன்றே ஒன்றுதான்.

பெயர் பெற்றவர்களின் கட்டடங்களும் இதற்கு விலக்கல்ல. பிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்து, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அருவிக்கு மேல் நிற்கும் ஃபாலிங்வாட்டர் வீட்டின் முக்கிய மாடம் ஏறத்தாழ 7 அங்குலம் தொங்கிவிட்டது. மேல் கம்பி போதவில்லை. 1997இல் கீழே முட்டுக் கொடுத்து, 2002இல் இழுவிசைக் கேபிள்கள் போட்டு இறுக்கினார்கள்.

சுமையையும் சொல்ல வேண்டும். 125 மி.மீ. ஸ்லாபின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 310 கிலோ. ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் நிரப்பித் தோட்டம் வைத்தால் இன்னும் 500 கிலோவுக்கு மேல். கைப்பிடிக் கம்பியை எடுத்துவிட்டு நுனியில் செங்கல் சுவர் கட்டுவது இதைவிட மோசம், ஏனென்றால் பாரம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக வளைக்கும். இன்னும் அரை மீட்டர் நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்வேன்: ஒரு மீட்டர் பால்கனியை ஒன்றரை ஆக்கினால் அதன் சொந்த எடையால் வரும் வளைவு விசை மட்டும் 2.25 மடங்காகிவிடும்.

நுனியில் ஒரு தூண் நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. நீளமான பால்கனியில் அந்தத் தூண் ஸ்லாப் வளையும் விதத்தையே மாற்றிவிடும். இப்போது நடுப்பகுதியில் அடிப்பக்கம் இழுபடும், அங்கே போதுமான கம்பி இருக்காது. தூணின் பாரம் தரைவரை போகிறதா, கீழ் மாடிப் பால்கனியில் போய் உட்காருகிறதா என்பதும் கேள்வி.

சமீபத்தில் ஒரு வீட்டில், கண்ணாடிச் சறுக்குக் கதவின் அடிச்சட்டத்தைத் தரை மட்டத்துக்குள் இறக்க கட்டர் வைத்துப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பால்கனி தொடங்கும் அதே வாசற்கோட்டில், 4 சென்டிமீட்டர் ஆழம். தூசியை ஊதிப் பார்த்தால் பள்ளத்துக்குள் பளபளவென்று இரண்டு கம்பி முனைகள், புதிதாக அறுபட்டவை. மூன்றாவது கம்பியில் பிளேடு பாதி வரை இறங்கியிருந்தது. கதவு பொருத்த வந்தவர்களுக்கு அது வெறும் தரை. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்களை பால்கனிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தரைத்தளம் வரை ஒவ்வொரு மாடியிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக முட்டு நிறுத்த அன்று மாலையாகிவிட்டது. இப்போது அடியில் இரும்புத் தாங்கிகளைப் பீமில் பிணைக்கும் வேலை நடக்கிறது. சட்டத்தைத் தரைக்கு மேலேயே வைத்து, இருபுறமும் சிறு சரிவு கொடுத்துக் கதவை மாட்டச் சொல்லியிருக்கிறேன்.