மெஷினைக் கழற்றும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

"மெஷின் பாடியில கை வச்சா சுர்ருன்னு இருக்கு. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல. வந்து பாக்குறீங்களா?" சர்வீஸுக்குப் போகிற எங்களுக்கு அடிக்கடி வரும் புகார் இது. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர் என்று பொருள்தான் மாறும். இப்படி அழைக்கும் வீடுகளில் பலவற்றில் கோளாறு மெஷினுக்குள் இருப்பதில்லை, சுவருக்குள் இருக்கிறது. அது தெரியாமல் பழைய மெஷினைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. புதிதும் அதே மாதிரிதான் சுர்ரென்றது.

காரணம் எளிது. இப்போது வரும் வாஷிங் மெஷின்கள் பலவற்றில் கரண்ட் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து (கரண்ட் வரும் ஒயர்) ஒரு சின்ன கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பும் ஒயர்) ஒன்று, இரண்டும் பாடியில் இணைந்திருக்கும், அவை வழியாகத் துளி கரண்ட் பாடிக்குக் கசியும். எர்த், அதாவது பாடியை மண்ணோடு இணைக்கும் ஒயர், சரியாக இருந்தால் அந்தத் துளிக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடியில் 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், நிற்கும். மீட்டர் வைத்தால் காட்டும், டெஸ்டர் எரியும். ஆனால் கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. இதைச் சொன்னதும் "அப்ப பயமில்லையே" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது. நாளைக்கு மோட்டார் வைண்டிங்கோ ஹீட்டரோ நிஜமாகவே பாடி ஷார்ட் ஆனால், அதாவது உள்ளே ஃபேஸ் நேராகப் பாடியைத் தொட்டால், அந்தக் கரண்ட் போக வழியில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பவர்தான் வழி.

அதனால் ஷாக் என்று கூப்பிட்டால் நான் முதலில் மெஷினைத் தொடுவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு பாயிண்டில் மீட்டர் வைப்பேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதுவே வர வேண்டும். 60, 90 என்று ஏதோ ஒன்று காட்டினால் எர்த் ஒயர் எங்கோ அந்தரத்தில் தொங்குகிறது. சில வீடுகளில் பாயிண்டில் பச்சை ஒயர் அழகாக முறுக்கப்பட்டிருக்கும், மறுமுனை மெயின் போர்டில் எதிலும் சேராமல் கிடக்கும். சில இடங்களில் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். இரும்புக் குழாய் இருந்த காலத்துப் பழக்கம் அது. பிவிசி குழாயில் கட்டி என்ன பயன்?

இதைவிட மோசமானது, நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயர் போட்டு எர்த் பின்னில் இணைத்துவிடுவது. உடனே சுர்ருன்னு இருப்பது நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் என்றைக்காவது அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். எர்த்தே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தான வேலை இது. செய்து கொடுப்பவரை எலக்ட்ரீஷியன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கீசர் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கோளாறு உள்ளேயே இருக்கும். போர் தண்ணீரின் உப்பு, தண்ணீரைச் சுட வைக்கும் எலிமென்ட் மேல் ஓடு மாதிரி படியும். சூடு வெளியே போக முடியாமல் எலிமென்ட் உறை விரிசல் விடும், கரண்ட் வெளியே வராமல் தடுக்க உள்ளிருக்கும் பவுடரில் தண்ணீர் இறங்கும். அப்போதும் தண்ணீர் சுடும். 2000 வாட் எலிமென்ட்டுக்கு 26 ஓம் அளவில் ரெசிஸ்டன்ஸ் சரியாகவே காட்டும். அதைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று மூடிவிட்டுப் போகக் கூடாது. எலிமென்ட்டுக்கும் டேங்க் பாடிக்கும் இடையே மெக்கர் (கசிவைக் கண்டுபிடிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால்தான் கசிவு தெரியும். உங்கள் மெக்கானிக் அதைச் செய்கிறாரா என்று கவனியுங்கள், செய்யாவிட்டால் கேளுங்கள்.

குளிக்கும் முன் கீசர் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம். ஆனால் பாயிண்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் சுவிட்ச் வெட்டுவது நியூட்ரலை மட்டும்தான், எலிமென்ட்டில் ஃபேஸ் அப்படியே நிற்கும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை இதைப் பார்த்துவிடுவது நல்லது.

மெயின் போர்டில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறதே என்பார்கள். ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான் எம்சிபி. ஆள் வழியாகப் போகும் கரண்ட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச், வேண்டும். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஆனால் யாராவது தொட்ட பிறகுதான் ட்ரிப் ஆகும், அதாவது விழுந்து கரண்டை வெட்டும். எர்த்தும் இருந்தால் தொடுவதற்கு முன்பே ஆகிவிடும்.

ஆர்சிசிபி மாட்டிய வீடுகளில் இன்னொரு கூத்து. அடிக்கடி ட்ரிப் ஆகிறது, "ஆர்சிசிபியே சரியில்லை" என்று யாரோ அதை விட்டு ஒயரை நேராக இணைத்து பைபாஸ் செய்துவிட்டுப் போயிருப்பார். அப்புறம் கழற்றிப் பார்த்தால் கீசரோ கிரைண்டரோ கசிந்துகொண்டிருக்கும். ட்ரிப் ஆனால் எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அணைத்த பொருளே ட்ரிப் செய்யும். பிறகு ஒவ்வொன்றாகச் சொருகினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். எல்லாம் பிடுங்கியும் ட்ரிப் ஆனால் வயரிங்கில் பிரச்சினை. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் மற்ற லைன் நியூட்ரலோடு கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாடு கஷ்டம். "இத்தனை வருஷமா இருக்கோம், ஒண்ணும் ஆகலியே" என்பார் ஓனர். எர்த் குழி தோண்டச் சம்மதிக்காவிட்டாலும், கீசர், வாஷிங் மெஷின் லைனுக்காவது எம்சிபிக்கு அடுத்து ஒரு சின்ன பாக்ஸில் ஆர்சிசிபி போட்டுக்கொள்ளலாம். வீடு காலி செய்யும்போது அதை எலக்ட்ரீஷியனை விட்டுக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகலாம்.