கறிவேப்பிலைக்கு எந்தப் பக்கம் வெயில்?

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோன ஏப்ரல் மாதத்தில், பால் காய்ச்சிய கையோடு அண்ணி வாசலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். முனை வீடு, வடக்குப் பார்த்த தாழ்வாரம். ஆகஸ்ட் வரை செடி தளதளவென்று வளர்ந்தது. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவுக்கும் கொத்துக் கொத்தாகப் பறித்துக் கொடுத்தார். அக்டோபரில் துளிர் விடுவது நின்றது. நவம்பரில் இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. அண்ணி புளித்த மோர் ஊற்றிப் பார்த்தார், உரத்தை மாற்றினார், தொட்டியையே மாற்றினார். “கண்ணு பட்டுடுச்சு தம்பி” என்றார் கடைசியில்.

பட்டிருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வானத்தில் இருந்தது. வெயில் வீட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கிறது. மார்ச் 24ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அங்கிருந்து வடக்கே நகரும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 22 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். பிறகு திரும்பி வந்து, செப்டம்பர் 20ஐ ஒட்டி மறுபடி உச்சிக்கு வரும். அடுத்த ஆறு மாதம் தெற்கே. டிசம்பரில் 25 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஆக, வடக்குப் பார்த்த வாசலுக்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நேர் வெயில். தெற்குப் பார்த்த சன்னலுக்கு மீதி ஆறு மாதம். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு வடக்குப் பக்கம் என்றால் ஆண்டில் பெரும்பகுதி நிழல்தான், அந்தக் கணக்கு இங்கே உதவாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 முதல் நாம் பின்பற்றும் நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பதோ 104 பாகையில். அதனால் உண்மையான நண்பகல் மதியம் ஒரு மணியளவில்தான் வருகிறது. பன்னிரண்டு மணிக்கு நிழலைப் பார்த்துத் திசையைக் கணிக்காதீர்கள்.

வீட்டையும் தோட்டத்தையும் ஒரே திட்டமாக வரையவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். பலர் ரெனவேஷன் எல்லாம் முடிந்து, சோபாவும் டிவியும் இடம் பிடித்தபின், மிச்சமிருக்கும் மூலையில் செடியை வைக்கிறார்கள். சோபாவுக்கு எந்த மூலையும் ஒன்றுதான், செடிக்கு அப்படி இல்லை.

தாழ்வாரத்தையே எடுத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவர் 1 மீட்டர் உயரம், மேல் தளத்தின் விளிம்பு தரையிலிருந்து 2.6 மீட்டர் உயரம் என்று வையுங்கள். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கே சுமார் 68 பாகை உயரத்தில் நிற்கும். சுவர் கீழ்ப்பகுதியை மறைக்கிறது, தளம் மேற்பகுதியை மறைக்கிறது. இடையில் புகும் ஒளி, சுவரிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி 1 மீட்டர் வரை தரையில் ஒரு பட்டையாக விழும். சுவரோடு ஒட்டித் தரையில் வைத்த தொட்டிக்கு, வெயில் கொளுத்தும் மாதத்தில்கூட மதிய வெயில் கிடைக்காது! அதே தொட்டியை ஓர் உயரமான ஸ்டாண்டில் ஏற்றினால் இலைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடும். தொட்டி மட்டும் சுவரின் விளிம்புக்குக் கீழேயே, உட்பக்கமாக இருக்கட்டும். பத்தாவது மாடியிலிருந்து விழும் தொட்டி ஆளைக் கொல்லும். ஆட்கள் நடக்க 1.2 மீட்டர் வழியும் விடவேண்டும், இது தீப் பாதுகாப்பு விதி.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? இங்கே நம்மை ஏமாற்றுவது நம் கண்தான். வெளியே நேர் வெயிலில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். நன்றாக வெளிச்சமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் கூடத்தில் அது 300, 500 லக்ஸ்தான் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம், ஆனால் கண்மணி விரிந்து, விழித்திரை பழகி, நமக்குக் கொஞ்சம் மங்கல் என்று மட்டுமே தெரிகிறது. செடியால் அப்படிப் பழக முடியாது. ஒளியில் அது சர்க்கரை தயாரிக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் அந்தச் சர்க்கரையில் கொஞ்சத்தை எரித்துத்தான் உயிர்வாழ்கிறது. ஒளி ஓர் அளவுக்குக் கீழே போனால் வரவைவிடச் செலவு அதிகம். செடி உடனே வாடாது, சேமிப்பை எடுத்துத் தின்னும். (நம் மத்திய சேமநிதி போல 55 வயதுவரை காத்திருக்கத் தேவையில்லை.) அண்ணியின் செடி செப்டம்பரில் வெயிலை இழந்து நவம்பரில் இலை உதிர்த்ததற்கு இந்த இடைவெளிதான் காரணம். நாமோ நவம்பரில் என்ன தப்பு செய்தோம் என்று தேடுகிறோம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளப் பாத்திரம் கழுவும் ஸ்பான்ஜ் ஒன்று போதும். நன்றாக நனைத்து, படுக்கை வாட்டத்தில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டுவது நிற்கட்டும். இப்போது பிழியாமல், அப்படியே நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். ஸ்பான்ஜ் அதேதான், திருப்பியது மட்டும்தான் வித்தியாசம்.

நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன, புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் அடியில் ஓர் ஈர அடுக்கு தேங்கிவிடும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துளைகளின் அளவு, தொட்டியின் உயரம் அன்று. 5 சென்டிமீட்டர் ஈர அடுக்கு நிற்கும் மண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் போட்டால் மேலே 25 சென்டிமீட்டரில் வேர் மூச்சுவிடும். அதே மண்ணை 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள அழகான சன்னல் தொட்டியில் போட்டால் பாதி சேறு.

அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். வடியாது. பொடி மண்ணின் சிறு துளைகள் தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்திருக்கும்போது, கற்களுக்கிடையில் உள்ள பெரிய இடைவெளிக்கு அது இறங்காது. ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேருக்கு இருந்த இடமும் குறையும். அதற்குப் பதில் மண்ணிலேயே பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைக் கல்துகளோ சிறு கல்லோ கலந்து துளைகளைப் பெரிதாக்குங்கள். ஆழமில்லாத தொட்டிதான் உங்கள் சன்னலுக்குப் பொருந்துகிறது என்றால் வல்லாரையோ புதினாவோ வையுங்கள், அவை ஈரத்தில் மகிழ்ச்சியாக இருக்கும்.

வடிந்த தண்ணீர் தட்டில் நின்றால் கொசு வரும், இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் ஒன்பது மாதம் வரை உயிரோடு ஒட்டிக்கிடக்கும் என்பது. தட்டைக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும். தண்ணீர் பட்டால் சுமார் ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். அதனால் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்கும்போதே, தட்டை வெளியே இழுக்கக் கை நுழையும் இடமும் விட்டுவிடுங்கள். கை நுழையாத மூலையில் உள்ள தட்டை யாரும் வாராவாரம் தேய்ப்பதில்லை.

எடை பற்றி ஒரு வரி. ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். வீட்டுத் தரையை வடிவமைக்கும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைதான் கணக்கு. பால்கனி முழுக்க ஓரடி ஆழப் பாத்தி போடும் ஆசையைப் பொறியாளரிடம் கேட்காமல் வளர்க்காதீர்கள்.

செடி வைத்தால் வீடு குளிரும் என்பது பாதி உண்மை. ஒரு லிட்டர் நீர் இலை வழியாக ஆவியாகும்போது சுமார் 0.67 கிலோவாட் மணி வெப்பத்தை உறிஞ்சுகிறது. பெரிய அளவுதான். ஆனால் ஏர்கான் ஓடும் மூடிய அறையில் அந்த ஆவி எங்கே போகும்? ஏர்கான்தான் அதை மறுபடி நீராக்கி வெளியே தள்ளவேண்டும், அதே வெப்பத்தைத் திரும்பச் செலுத்தி. வாங்கியதும் கொடுத்ததும் சரியாகிவிட்டது. செடி உண்மையில் குளிர்ச்சி தருவது மேற்குச் சன்னலுக்கு வெளியே. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை பிடித்தாலும், சூடான திரை அறைக்குள்தான் இருக்கிறது. வெளியே இலையில் பட்ட வெயில் வெளியிலேயே நின்றுவிடும். பால்கனி உள்ளவர்கள் மேற்குப் பக்கம் ஒரு கொடியை ஏற்றிவிடுங்கள், மாலை ஆறு மணி வரை அடிக்கும் வெயிலை அது தாங்கிக்கொள்ளும்.

அண்ணியின் வீட்டருகே உள்ள கம்போங் அட்மிரல்ட்டி கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 2018இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது வாங்கியது. அதன் மாடித் தோட்டங்கள் படிப்படியாக ஏறுகின்றன. கட்டடத்தை எழுப்பிவிட்டு மேலே செடியைத் தூவியிருந்தால் அந்தப் படிகள் வந்திருக்காது.

அண்ணி அவ்வளவு தூரம் போகவில்லை. கறிவேப்பிலைக்கு 40 லிட்டர் தொட்டி, அதற்குச் சக்கரம் வைத்த உயரமான ஸ்டாண்டு. வாசலிலிருந்து சமையலறை வரை நேர்வழி விடுவதற்காகக் கூடத்து அலமாரியை ஒரு சாண் உள்ளே தள்ளினார். சமையலறைச் சன்னல் தெற்கே பார்க்கிறது. துணி காயும் மூங்கில் கழிகளை ஓரம் கட்டியதில் ஒரு செடிக்கு இடம் கிடைத்தது. டிசம்பர், ஜனவரி மழை மேகத்தில் வெயில் குறைவுதான், இருந்தாலும் துளிர் நிற்கவில்லை. மார்ச் கடைசியில் வாசலுக்கு, செப்டம்பர் கடைசியில் சமையலறைக்கு என்று ஆண்டுக்கு இரண்டு குடிபெயர்வு.

போன செப்டம்பரில் நான்தான் தள்ளினேன். தொட்டியும் மண்ணும் சேர்த்து அறுபது கிலோவுக்குக் குறையாது. அண்ணி முன்னால் கதவைப் பிடித்துக்கொண்டு, “அலமாரில இடிச்சிடாதீங்க தம்பி” என்றபடியே பின்பக்கமாக நடந்தார்.