பார்மசி கல்வியில் டிஜிட்டல் பேட்ஜ்: வருகைக்கா, திறமைக்கா?

இன்ஹேலர் பயிற்சிக்கு ஒரு டிஜிட்டல் பேட்ஜ், அதாவது இணையத்தில் சரிபார்க்கக்கூடிய சான்றுச் சின்னம், தருகிறோம் என்றால், அதைப் பெற்றவர் நோயாளிக்கு எதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பார் என்பது அதிலேயே தெரிய வேண்டும். காணொலியைப் பார்த்து முடித்தவருக்கெல்லாம் தரும் பேட்ஜ் வெறும் வருகைப்பதிவுதான். அதைத் திறமைக்கான சான்று என்று நம்பினால் பாதிக்கப்படுவது நோயாளி.

எனவே முதலில் எழுத வேண்டியது தேர்ச்சி விதி. அழுத்தி உறிஞ்சும் இன்ஹேலரைக் குலுக்குவது, மூச்சை வெளிவிடுவது, வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக மூடுவது, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துவது, சுமார் 10 விநாடி மூச்சை அடக்குவது. இவற்றுக்கெல்லாம் கூட்டி மதிப்பெண் போடாதீர்கள். அழுத்துவதும் இழுப்பதும் சேராவிட்டால் பெரும்பகுதி மருந்து வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அந்தப் படி தவறினால் மற்றவை சரியாக இருந்தாலும் பேட்ஜ் கூடாது.

மருந்தளவுக் கணக்கில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் அது 7.5 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப்பில் 3.6 மி.லி. பாட்டிலின் செறிவைப் பார்க்காமல் இரண்டாவதில் 7.5 மி.லி. கொடுத்தால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். இங்கே 80 சதவீதத் தேர்ச்சி என்பதற்குப் பொருளே இல்லை. எல்லாக் கணக்கும் சரியாக வர வேண்டும்; மறுமுயற்சியில் எண்களும் செறிவும் மாற வேண்டும், இல்லையென்றால் விடைதான் மனப்பாடமாகும்.

பலர் பேட்ஜுக்குக் காலாவதித் தேதி போடாமல் விட்டுவிடுகிறார்கள். கைத்திறன் மங்கக்கூடியது. கிருமியற்ற மருந்துத் தயாரிப்புக்கான அமெரிக்க மருந்துத் தர நூலான யு.எஸ்.பி.யின் 797-ஆம் விதியின் 2023 பதிப்பு, முதல் இரண்டு வகைத் தயாரிப்புகளில் ஈடுபடுவோர் குறைந்தது 6 மாதத்துக்கு ஒருமுறை ஊட்ட ஊடகச் சோதனையில் (மருந்துக்குப் பதில் கிருமி வளரக்கூடிய கரைசலைக் கையாள வைத்து, அதில் கிருமி சேர்கிறதா என்று பார்ப்பது) தேற வேண்டும் என்கிறது. அந்தத் திறனுக்கு ஆயுட்காலப் பேட்ஜ் கொடுப்பது தவறு.

தொழில்நுட்பம் எளிதுதான். 2011-இல் மொசில்லா தொடங்கிய ஓப்பன் பேட்ஜஸ் தரத்தை இப்போது 1எட்டெக் (1EdTech) என்ற கல்வித் தொழில்நுட்பத் தர அமைப்பு பராமரிக்கிறது. வழங்கியவர், தேர்ச்சி விதி, தேதி, சான்றுக்கான இணைப்பு எல்லாம் படத்தோடு தரவாகச் சேரும். அதன் 3.0 பதிப்பில் மின்கையொப்பமும் உண்டு; ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். வேலைக்கு எடுப்பவர் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காமல் இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும்.

சான்றாக இணைக்கும் காணொலியில் உண்மையான நோயாளியின் முகமோ மருந்துச்சீட்டோ வரக்கூடாது. நோயாளியாக நடிப்பவரை வைத்தே பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் இரண்டு, மூன்று பேட்ஜ் போதும். ஒரே பதிவை இரு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே பார்த்து வேறு முடிவு சொன்னால், மாணவரைக் குறைசொல்லும் முன் விதியின் வாசகத்தைத் திருத்துங்கள்.